கிலோவும் குதிரைசக்தியும்

அன்புள்ள ஐயா,

ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன். கையில் 30,000 யூரோ இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய பிஎம்டபிள்யூ எம்5 (எஃப்10 தலைமுறை) கிடைக்கிறது, 560 குதிரைசக்தி. அதைவிடப் புதிய மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டே இருக்கை கொண்ட திறந்த கூரைக் கார், ஒன்றும் கிடைக்கிறது, 184தான். எதை வாங்கலாம்? கோடையில் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் சில சுற்று ஓட்டும் ஆசையும் உண்டு. வேகக் கார்கள் ஏன் இப்படிக் கனத்துக்கொண்டே போகின்றன?

ஆர்.

அன்புள்ள ஆர்,

குதிரைசக்தியை ஓரமாக வைத்துவிட்டு டயரைப் பாருங்கள். எம்5இன் பின்டயர் 295 மில்லிமீட்டர் அகலம். மாஸ்டாவில் நான்கும் 205. முன் பிரேக் டிஸ்க் அங்கே 400, இங்கே 280. வேகம் மட்டும் காரணமில்லை, 1,870 கிலோவைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டுமே. மாஸ்டா ஏறத்தாழ 1,050 கிலோ.

எடை தனியாக வருவதில்லை, குடும்பத்தோடு வரும். டயர் மேல் சுமை இரண்டு மடங்கானால் அதன் பிடி இரண்டு மடங்காகாது, குறைவாகத்தான் ஏறும். அதை ஈடுகட்ட அகல டயர் போடுவார்கள். அதற்குப் பெரிய வீல், உள்ளே பெரிய பிரேக். வளைவில் சாயாமலிருக்க இறுகிய ஸ்பிரிங். அது மேடுபள்ளத்தில் தூக்கிப்போடும் என்று மின்னணு டாம்பர் (அதிர்வைத் தணிக்கும் கருவி). அதற்கும் மேல் பின்சக்கரத்தையும் திருப்பும் மோட்டார். ஒவ்வொன்றும் சில கிலோ.

கரியமில வாயு விதிகளுக்காக பேட்டரியும் சேர்ந்தால் கணக்கு எங்கே போகிறது என்பதற்கு எம்5 வரிசையே சாட்சி. 2017இல் வந்தது 600 குதிரைசக்தி, 1,855 கிலோ, மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட 3.4 வினாடி. 2024இன் ஹைப்ரிட் 727 குதிரைசக்தி, 2,435 கிலோ, 3.5 வினாடி. 127 குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டியும் 0.1 வினாடி பின்னால்!

எடையைக் குறைத்த காருக்கோ விலை ஏறுகிறது. போர்ஷே 911 எஸ்/டியில் மெல்லிய கண்ணாடி, கார்பன் பாகங்கள், மெக்னீசியம் வீல். பின்சக்கரத் திருப்பல் கிடையாது. 1,380 கிலோ. பெரிய இறக்கை வைத்த இன்னொரு 911ஆன ஜிடி3 ஆர்எஸ்ஸைவிட விலை அதிகம். இருப்பதை எடுத்ததற்குக் காசு கேட்கிறார்கள் என்று கோபப்படலாம், ஆனால் கிலோவைக் கழிப்பதுதான் செலவான வேலை.

இனி நியூர்பர்க்ரிங். அங்கே ஃபுக்ஸ்ரோரே என்ற இறக்கத்தில் விழுந்து அடிப்பள்ளத்தைத் தாண்டியதும் அடனாவர் ஃபார்ஸ்ட் வளைவுக்கு பிரேக் மிதிக்க வேண்டும். 180 கி.மீ. வேகத்தை 80க்குக் கொண்டுவர ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1,000 ஜூல் வெப்பம் டிஸ்க்கில் இறங்கும். உங்களையும் சேர்த்து மாஸ்டாவில் 11 லட்சம் ஜூல், எம்5இல் 19 லட்சத்துக்கும் மேல். அங்கிருந்து தடத்தின் பிரைட்ஷைட் பகுதி வரை இறக்கமும் பிரேக்கும்தான், டிஸ்க் ஆற நேரமே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கையில் கொதிப்பது 230 டிகிரிக்குக் குறையாது, ஈரம் ஏறியதற்கோ தரவிதி கேட்கும் குறைந்தபட்சம் 155தான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தொளதொளவென்று தரைவரை போகும். எந்தக் காராக இருந்தாலும் போகுமுன் ஆயிலை மாற்றுங்கள். எம்5 என்றால் பிரேக் பேடையும்.

ஓட்டும் சுகத்தைக் கேட்டால், ஊர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மன் சாலைகளில் வேக எல்லை மணிக்கு 100 கி.மீ. எம்5 அதை 4.4 வினாடியில் தொட்டுவிடும், பிறகு வேடிக்கைதான் பார்க்க வேண்டும். மாஸ்டாவின் இரண்டாவது கியரைச் சிவப்புக் கோடு (எஞ்சின் சுழற்சியின் உச்ச எல்லை) வரை இழுத்தால்தான் ஏறத்தாழ 100 வரும். எஞ்சினை முழுசாகப் பிழிந்தும் லைசென்ஸ் பத்திரம். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் நாலு பேரோடு 250இல் போக எம்5 அருமையான வண்டி, அதை மறுக்கவில்லை. ஆனால் புதிதில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் விற்ற கார் அது. நீங்கள் 30,000க்கு வாங்கினாலும் டிஸ்க்கும் டயரும் பழைய அந்தஸ்தில்தான் பில் போடும்.

மாஸ்டாவை எடுங்கள். 184 குதிரைசக்தி எஞ்சின் 2018இன் பிற்பாதியில் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் கியர்பாக்ஸ் உடைந்த புகார்கள் உண்டு. வண்டி ஆறிக்கிடக்கும்போதே ஓட்டிப்பார்த்து, இரண்டாவது, மூன்றாவது கியர் சிக்காமல் விழுகிறதா என்று கவனியுங்கள். துணிக்கூரையின் வடிகால் துளைகளில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் உப்புத் தூவும் நாடு, ஆகவே லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியில் துரு பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஆறடிக்கு மேல் உயரமென்றால், இதற்கெல்லாம் முன்பே ஹெல்மெட் போட்டுக் கூரையை மூடி உட்கார்ந்து பாருங்கள்.