கூட்டுத்தொகை ஏன் மூன்று மடங்காக வருகிறது?

கேள்வி: எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் மொழி) பயன்படுத்துகிறேன். ஆர்டர், அதிலுள்ள பொருட்கள், வந்த பணம் என மூன்று டேபிள்கள் வைத்திருக்கிறேன். மூன்றையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்து (இணைத்து), குரூப் பை மூலம் ஆர்டர் வாரியாகப் பிரித்து சம் (கூட்டல்) போட்டால், வந்த பணம் எக்கச்சக்கமாகக் காட்டுகிறது. சம்முக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுப்பது) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். சம் மீது தப்பு இல்லை. கையில் வந்த வரிசைகளை அது ஒழுங்காகத்தான் கூட்டியிருக்கிறது. ஒரு ஆர்டரில் 3 பொருட்கள், அதற்கு 200, 300 என்று 2 தவணையாகப் பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு தவணையோடும் கோத்து 6 வரிசைகள் ஆக்கிவிடும். 500 வர வேண்டிய இடத்தில் 1500 வரும். குரூப் பை வேலையைத் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான். சம்மையும் குரூப் பையையும் எடுத்துவிட்டு அந்த ஒரு ஆர்டரை மட்டும் ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

டிஸ்டிங்க்ட் போட்டால் இந்த ஆர்டருக்கு 500 என்று கச்சிதமாக வரும். அங்கேதான் ஏமாறுகிறோம். அடுத்த ஆர்டருக்கு 250, 250 என்று பணம் வந்திருந்தால் ஒன்றை விழுங்கிவிட்டு வெறும் 250 காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது.

முதலில் பணம் டேபிளை மட்டும் ஒரு சப் குவெரியில் (குவெரி என்ற கேள்விக் கட்டளைக்குள் வைக்கும் இன்னொரு குவெரியில்) ஆர்டர் எண் வாரியாகக் கூட்டுங்கள். பொருட்களையும் அப்படியே தனியாக. ஆர்டருக்கு ஒரு வரிசை என்று சுருங்கிய பிறகு ஜாயின் செய்யுங்கள்.

அதை, ஆர்டர் டேபிளை இடப்பக்கம் வைத்து, லெஃப்ட் ஜாயினாக (ஜோடி கிடைக்காவிட்டாலும் இடப்பக்க வரிசையை வைத்திருக்கும் ஜாயின்) செய்யுங்கள். இன்னும் ஒரு காசும் கட்டாத ஆர்டர் சாதாரண ஜாயினில் காணாமலே போகும். லெஃப்ட் ஜாயினில் நிற்கும், ஆனால் வந்த பணம் 0 ஆக இருக்காது, நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக இருக்கும். ஆர்டர் தொகை 500லிருந்து நல்லைக் கழித்தால் வருவதும் நல்தான். பாக்கி 0க்கு மேல் உள்ளவர்களைக் காட்டு என்று நிபந்தனை வைத்தால் நல் அதில் தேறாது. முழுப் பாக்கி வைத்தவர்தான் பட்டியலிலிருந்து முதலில் தப்பிப்பார். வந்த பணத்தைக் கோயலெஸ் (நல் வந்தால் நாம் சொல்லும் மதிப்பைத் தரும் செயல்பாடு) போட்டு 0 ஆக்கிவிட்டுக் கழியுங்கள்.

குரூப் பையில் இல்லாத நெடுவரிசையை (column) கேட்டாலும், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 5.7.5 பதிப்புக்கு முன்பு ஏதோ ஒரு மதிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். ஒரு தரவுத்தளம் செய்யக்கூடிய வேலையா அது? இப்போது இயல்பாகவே பிழை காட்டுகிறது. உடனே அந்தக் கட்டுப்பாட்டையே அணைத்துவிடச் சொல்லித்தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ரிப்போர்ட் மென்பொருள் வாங்கினால் கணக்கு சரியாகிவிடும் என்று விற்க வருபவரையும் நம்பாதீர்கள். அடியில் இதே ஜாயின் இருந்தால் அதே 1500ஐத்தான் வண்ணப் படமாகக் காட்டும். திருத்தியதும் பணம் டேபிளை மட்டும் தனியாக சம் போட்டு, புதிய குவெரியின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.