பள்ளிக்கூடத்தில் பூச்சி மருந்து: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கடலூர் மாவட்டத்தில் வேளாண் துறையில் 28 வருடம் பூச்சிகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடங்களில் பூச்சித் தொல்லை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாம்பு, தெருநாய் பற்றி வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், அது என் பாடமில்லை.

பண்ருட்டிப் பக்கம் ஓர் ஆசிரியை: பள்ளியை ஒட்டி முந்திரித் தோப்பு. பூ எடுக்கும் நேரத்தில் பவர் ஸ்பிரேயர் வைத்து அடிக்கிறார்கள். வகுப்பு வரை நெடி வருகிறது. பிள்ளைகள் தலை வலிக்கிறது என்கிறார்கள்.

டீச்சர், அவர்கள் அடிப்பது பெரும்பாலும் தேயிலைக் கொசுவுக்கு. பெயர்தான் கொசு, தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக வைக்கிற நாவாய்ப் பூச்சி அது. தளிர் விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என்று அடுத்தடுத்து அடிப்பார்கள். விட்டால் அந்த வருட மகசூல் போய்விடும். அதனால் அடிக்கவே கூடாது என்று சண்டைக்குப் போனால் ஒன்றும் நடக்காது. எப்போது அடிப்பது என்று பேசுங்கள். சனி, ஞாயிறு. இல்லையென்றால் பள்ளி விட்ட பிறகு, காற்று அடங்கிய நேரம். பள்ளிப் பக்கத்து நாலைந்து வரிசைக்குக் கைத்தெளிப்பான் போதும். தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து போய்க் கேட்டால் தோப்புக்காரர் மறுக்க மாட்டார். அவர் பிள்ளையும் அங்கேதானே படிக்கும்.

முன்கூட்டித் தெரிந்தால் அன்று தோப்புப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். மைதானத்தில் விளையாட்டு வேண்டாம். சாப்பாட்டுத் தட்டை மறுபடி கழுவித்தான் கொடுக்க வேண்டும். என்ன மருந்து என்று டப்பாவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளில் வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் இறங்கும். பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தமில்லை.

ஒரு பிள்ளைக்கு எச்சில் ஒழுகி, வியர்த்து, வாந்தி வந்து, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கினால் யோசிக்காமல் 108. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் பெயரைக் கையோடு கொண்டு போங்கள்.

காசர்கோட்டில் வருடக்கணக்காக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது இதே முந்திரிக்கு, இதே பூச்சிக்குத்தான். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் ஒரு தலைமுறை பட்ட பாடு ஊரறிந்தது.

விருத்தாசலத்தில் ஒரு சத்துணவு அமைப்பாளர்: அரிசியில் வண்டு. கடைக்காரர் ஒரு மாத்திரை தருகிறேன் என்கிறார், மூட்டைக்குள் போட்டால் போதுமாம். போடலாமா?

போடாதீர்கள் அம்மா. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். குடோனில் பயிற்சி பெற்ற ஆட்கள் தார்ப்பாயால் மூடிச் செய்கிற வேலை அது. கடையில் சில்லறையாக விற்பதே தப்பு. பாஸ்பீனுக்கு விஷமுறிவு மருந்து கிடையாது.

அரிசியை வெயிலில் பரப்பிச் சலித்து, மூடி இறுக்கமான டிரம்மில் கொட்டுங்கள். பழைய மூட்டையைத் தீர்த்துவிட்டுப் புதியதைப் பிரியுங்கள். மூட்டைகள் சுவரில் சாயாமல் பலகை மேல் இருக்கட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய, துளை போட்ட குழாய் மாதிரிப் பொறி ஒன்று உண்டு. அரிசிக்குள் செருகி வைத்தால் வண்டு தானாக வந்து விழும். மருந்தே வேண்டாம்.

இதோடு ஒன்று. சமையல் அறையில் பூச்சி மருந்து டப்பா, காலி டப்பா, எதுவும் இருக்கக் கூடாது. 2013 ஜூலையில் பீகார் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் இருந்த டப்பாவில் எண்ணெய் வைத்திருந்தார்கள். இதை நான் பலமுறை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

வில்லியனூர் அப்பா ஒருவர்: டெங்கு பயம். பள்ளிக்கு வாரம் ஒரு தடவை புகை அடிக்கச் சொல்லலாமா?

புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். டீசலில் மருந்து கலந்து வருகிற அந்தப் புகை அடங்கியதும், தொட்டியில் இருக்கிற புழு அடுத்த கொசுவாகிவிடும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், பெஞ்சுக்கு அடியில் இருட்டில் உட்காரும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவினால் சங்கிலி அறுந்தது. குட்டை, கிணறு என்றால் புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்து இருக்கிறது, பி.டி.ஐ. என்பார்கள். நம் புதுச்சேரியிலேயே 1975-லிருந்து வி.சி.ஆர்.சி. என்ற, கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்கிற நிலையம் இருக்கிறது. கொசுவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா?

முத்தியால்பேட்டை: புகை மருந்து காலையில் நல்லதா, மாலையில் நல்லதா?

மேலே படியுங்கள்.

லாஸ்பேட்டையில் பசுமைப் படை பொறுப்பாசிரியர்: எங்கள் பள்ளித் தோட்டத்தில் ரசாயனமே கிடையாது. புகையிலைக் கஷாயம் மட்டும் மாணவர்களை வைத்துக் காய்ச்சி அடிக்கிறோம்.

சார், ரசாயனம் வேண்டாம் என்ற எண்ணத்துக்கு வணக்கம். ஆனால் புகையிலையில் இருப்பது நிகோடின், நல்ல நரம்பு விஷம். தோல் வழியாகவே ஏறும். ஈரப் புகையிலை பறிக்கிற கூலியாட்களுக்கு வாந்தி, தலைசுற்றல் வருவது அதனால்தான். நிகோடின் சல்பேட் என்ற பூச்சிமருந்தை இந்தியாவில் பயன்படுத்தத் தடை. அதையே பிள்ளைகள் அடுப்பில் வைத்துக் கிண்டலாமா?

அவரே மறுபடியும்: என் தாத்தா காலத்திலிருந்து அடிக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடை மருந்தை விட இது மேல்தானே?

தாத்தா அடித்தது வயலில், பெரிய ஆட்களை வைத்து. உங்களிடம் இருப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை. கையை வாயில் வைக்கும், கஷாயம் பட்ட கையோடு முறுக்கு தின்னும்.

திண்டிவனத்திலிருந்து ஒருவர் குறுக்கே: அரளி விதையும் இயற்கைதான் சார், அரைத்துப் பாருங்களேன்.

லாஸ்பேட்டை ஆசிரியர்: கிண்டல் வேண்டாம். அப்படிப் பார்த்தால் வேப்பெண்ணெயும் விஷம்தான்.

இதில் அவர் சொல்வது சரி. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டி வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது உண்டு. செடியிலிருந்து வந்தது என்பதால் எதுவும் சாதுவாகிவிடாது. ஆனாலும் தோட்டத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் எவ்வளவோ தேவலை. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊற வைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து அடியுங்கள். இன்னொரு விஷயம் சார், புகையிலையில் இருக்கிற தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவும். உங்கள் தக்காளி இலை சுருங்கினால் புகையிலை தொட்ட கையையும் சந்தேகப்படுங்கள்.

அவரே: தக்காளி சுருங்கத்தான் செய்தது. வெள்ளை ஈ என்று நினைத்தேன்.

வெள்ளை ஈயாகவும் இருக்கலாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி மட்டத்தில் தொங்கவிடுங்கள், ஒட்டியதை எண்ணிப் பார்க்கலாம். மீதிக் கஷாயத்தைக் குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். சொன்னேனே, பலமுறை சொல்வேன் என்று.

நெல்லிக்குப்பம்: வகுப்பறை அலமாரியில் கரப்பான். கோடு போடுகிற சாக்பீஸ் வாங்கலாமா?

பள்ளிக்கூடத்திலா? கரும்பலகை சாக்பீஸுக்கும் அதற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? அலமாரிக் கீல் இடுக்கில் ஜெல் மருந்து பொட்டுப் பொட்டாக வையுங்கள், பிள்ளை கை படாத உயரத்தில். அதற்கு முன்னால் டிபன் பாக்ஸை அலமாரியில் வைப்பதை நிறுத்துங்கள்.

சிதம்பரம்: எலிக்கு எந்த மருந்து?

கூண்டு. கதவுக்கடியில் பென்சில் நுழைகிற இடைவெளி இருந்தாலே சுண்டெலி வரும், தகடு அடியுங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன.

காரைக்காலில் ஒருவர்: கழிவறையில் பாச்சை உருண்டை போடலாமா?

வாடையைத்தான் மறைக்கும், கழுவுகிற வேலை அப்படியே இருக்கும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவு, ஜி6பிடி என்பார்கள். அவர்களுக்கு இந்த உருண்டையில் இருக்கிற நாப்தலின் பட்டால் ரத்த அணு சிதையும். வேண்டாம்.

பாகூர் அம்மா ஒருவர்: பள்ளியிலிருந்து பேன் தொற்றி வருகிறது. வயலுக்கு அடிக்கிற மருந்தை ஒரு சொட்டு எண்ணெயில் கலந்து தேய்க்கலாம் என்கிறார்களே?

தாயே, வேண்டவே வேண்டாம். தலைத்தோல் அந்த மருந்தை உறிஞ்சும், பிள்ளை போய்விடும். ஈர்வலி, தேங்காயெண்ணெய், பொறுமை. இரண்டு வாரம் விடாமல் வாரினால் போதும். மருந்துதான் வேண்டுமென்றால் மருத்துவர் எழுதித் தருகிற பேன் லோஷன். வீட்டில் அந்த ஒரு சொட்டு எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

வடலூர்: சார், கொசுவுக்குப் புகை...

இல்லை.

கடலூர் முதுநகர்: சத்துணவுக் கூடத்தில் பல்லி. என்ன மருந்து அடிப்பது?

பல்லியை விடுங்கள், அது பூச்சி தின்கிற ஜீவன். சாம்பார் அண்டாவுக்கு மூடி வாங்குங்கள்.