விமானம் ஏறாத அந்நியர்

கேள்வி: லண்டன், ஹூஸ்டன் என்று போய் நன்றாகச் சம்பாதித்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் ஆப்பிரிக்கர்கள், 'அங்கேயும் அந்நியர், இங்கேயும் அந்நியர்' என்று கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்களே, இது வசதியானவர்களின் புலம்பல்தானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: புலம்பல்தான். ஆனால் வசதி இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

நைஜீரியாவின் லாகோஸில், டிசம்பர் விடுமுறைக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு 'ஐ.ஜே.ஜி.பி.' என்று பட்டப்பெயர். 'இப்பத்தான் வந்தேன்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இரண்டு வருடம் லண்டனில் இருந்துவிட்டு நாக்கைச் சுழற்றிப் பேசுகிறவருக்கு அது தேவைதான், விடுங்கள்.

வெளிநாடு போய் வந்தவரைக் கானாவில் 'போர்கா' என்பார்கள். அவர் கதை வேறு. 1970, 80களில் கானாவில் பொருளாதாரம் படுத்துவிட, பிழைப்புத் தேடி ஜெர்மனிக்குப் போனவர்களில் நிறையப் பேர் ஹாம்பர்க்கில் தங்கினார்கள். அந்த 'ஹாம்பர்கர்'தான் தேய்ந்து போர்கா ஆனது. (அவர்கள் வளர்த்த இசைக்கும் 'பர்கர் ஹைலைஃப்' என்றே பெயர்.) ஜெர்மனியில் ஆபீஸ் தரை துடைத்தவர், சொந்த ஊரான குமாசி நகருக்கு வந்தால் வீடு கட்டும் பெரிய மனிதர். சாவுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர் தலையில். கொடுக்கும்வரை நம்ம பிள்ளை. கை சுருங்கினால் 'வெள்ளைக்காரனாகவே ஆகிவிட்டான்'. அவரைப் புலம்பாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். நைஜீரியாவின் 1999 அரசியல் சாசனம், ஒருவர் 'ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவர்' என்றால் என்ன என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறது: பெற்றோரில் ஒருவராவது அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவராவது அங்குள்ள பூர்வீகச் சமூகத்தவராக இருக்க வேண்டும். நீங்கள் எங்கே பிறந்தீர்கள், எத்தனை வருடம் வரி கட்டினீர்கள் என்பதற்கு அதில் இடமில்லை. உள்ளாட்சி அலுவலகம் தரும் பூர்வீகச் சான்றிதழ் இல்லாமல் அரசு வேலையும் உதவித்தொகையும் பெரும்பாடு. நடு நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பல தலைமுறையாக வாழும் ஹவுசா இனத்தவருக்கு இன்னமும் வந்தேறிப் பட்டம்தான். 2001-இல் ஒரு ஹவுசாக்காரரை வறுமை ஒழிப்புத் திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பில் நியமித்தார்கள். அதில் கிளம்பிய பகை கலவரமாக வெடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 2008-இல் உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி மறுபடியும்.

இப்போது பாருங்கள். லண்டனிலேயே பிறந்து, அப்பாவின் கிராமத்தை ஆல்பத்தில் மட்டும் பார்த்த பையனுக்கு அந்த ஊர்ச் சான்றிதழ் கேட்க உரிமை உண்டு. ஜோஸில் பிறந்து, அப்பன் பாட்டன் போட்ட அதே கடையில் வெங்காயம் விற்கிறவருக்கு அதே காகிதத்துக்கு இழுத்தடிப்பு. 'நான் எந்த ஊர்?' என்று அவர் எழுதிய கட்டுரை ஏதாவது உங்கள் கண்ணில் பட்டதா?