பழைய பிக்கப்: இன்ஜினை இறக்கும் முன் சேஸைத் தட்டிப் பாருங்கள்

அப்பா ஓட்டிய டீசல் பிக்கப் எட்டு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது, வீட்டிலேயே பழுது பார்த்து ஓட்டலாம் என்றிருக்கிறேன் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இன்ஜினை இறக்கிப் போரிங் (தேய்ந்த சிலிண்டர் சுவரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை) செய்தே ஆக வேண்டும் என்கிறாராம். உதிரிபாகம் வாங்கித் தரும் இன்னொருவர், வேறு வண்டியில் கழற்றிய இன்ஜின் கைவசம் இருக்கிறது, அதை மாட்டி மேலே பெயின்ட் அடித்தால் புது வண்டிதான் என்கிறாராம். இதில் யாரை நம்புவது, கட்டி இழுத்து கியரில் போட்டு ஸ்டார்ட் ஆகிறதா என்று முதலில் பார்த்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

கட்டி இழுக்காதீர்கள். இத்தனை நாள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஊறவிட்டால் தானாக விடுபட வேண்டிய ரிங்கை, இழுக்கிற வேகம் முறித்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் இன்னும் மோசம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். போதாக்குறைக்கு, இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு வேக்குவம் உதவி இருக்காது.

இன்ஜினைத் திறக்க வேண்டுமா என்பதை வெளியே நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைச் சுற்றிப் பார்க்காமல், சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தமான கம்ப்ரஷனை அளக்காமல் போரிங் என்று சொல்கிறவர் வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சொல்கிறார். அவரை இப்போதைக்கு அனுப்பிவிடுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் பார்க்க வேண்டும்.

பிக்கப்பின் உயிர் சேஸில் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். கேபின், பின்தொட்டி, இன்ஜின் எல்லாம் அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவை. மற்ற எதையும் மாற்றலாம். சேஸ் போயிருந்தால் நீங்கள் செய்யப்போகும் மற்ற செலவெல்லாம் வீண். ஆகவே ஒரு சின்னச் சுத்தியலும் கூர்மையான பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும், சுத்தியல் துள்ளும். உள்ளே அரித்த இரும்பு பொத்தென்று ஒலிக்கும், துருச் செதில் கொட்டும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து எழும்பும் இடம், ஸ்பிரிங் பட்டை தொங்கும் கொக்கிகள், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் மண் சேரும் மேல்பக்கம், ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடம் ஆகிய நான்கையும் விடாதீர்கள். கேபின் தரையில் ஓட்டை இருந்தால் கவலை இல்லை, தகடு வெட்டி வெல்டிங் வைக்கலாம். ஸ்பிரிங் கொக்கி அருகிலோ ஸ்டியரிங் பாக்ஸ் அருகிலோ ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அது வீட்டில் பேட்ச் அடிக்கும் வேலை அல்ல. சேஸ் வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டாமல் மேற்கொண்டு எதையும் வாங்காதீர்கள்.

அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். துருவைச் சுரண்டாமல் தார்ப் பூச்சைப் பூசிவிட்டால், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். இரும்பு மறைவில் அரித்துக்கொண்டே போகும். இதை வண்டிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதனால்தான். மேலே பாடியிலும் இதே கதைதான். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு ஓரமாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழும்.

அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஜாக்கி ஸ்டாண்ட் வைத்துத்தான் படுக்க வேண்டும். செங்கல்லும் சிமென்ட் கல்லும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

சேஸ் தேறிவிட்டது என்றால் அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆயில், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகும். சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தை அதுதான் கூட்டிக் குறைக்கிறது. நின்ற வண்டியில் இது இறுகியிருக்கும், பெரும்பாலும் யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தரையில் பதியும் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரில் ஓட்டாதீர்கள்.

சரி, இப்போது இன்ஜினுக்கு வரலாம். ஸ்டார்ட் ஆவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைப் பொறுமையாகக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் மாட்டி, இன்ஜின் ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். இடையில் இறுகினால் வலுக்கட்டாயம் வேண்டாம், மறுபடி ஊற விடுங்கள். முழுதாக இரண்டு சுற்று வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்கிலுள்ள பழைய டீசலை இறக்கி, ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றி, பிளக்குகள் இல்லாத நிலையிலேயே செல்ஃப் அடித்து உள்ளே விட்ட ஆயிலை வெளியேற்றுங்கள். இந்தக் கட்டத்தில் கம்ப்ரஷன் அளந்துவிடலாம். டீசல் இன்ஜினில் பொதுவாக 300 முதல் 500 பிஎஸ்ஐ வரை காட்டும். உங்கள் இன்ஜினுக்கான அளவு கையேட்டில் இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் போரிங் பேச்சுக்கே இடமில்லை. முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்றுக்குழாய் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டைப் பலகையைக் கையில் வைத்திருங்கள். மிச்ச ஆயிலைக் குடித்து இன்ஜின் கட்டுமீறி ஓடினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் மட்டும் அடைக்காதீர்கள்.

இன்ஜினைத் தொடாதே என்று சொல்லும் எனக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: கிராங்கின் சுழற்சிக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட். உங்கள் இன்ஜினில் அதற்குப் பதில் செயினோ பல்சக்கரமோ இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். முன்பக்கம் சின்ன போல்ட்டுகளில் பிடித்த பிளாஸ்டிக் மூடி இருந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், ஓட்டிப் பார்த்துவிட்டு அல்ல. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்று சமாதானம் சொல்லாதீர்கள். ரப்பர் நிற்கும்போதும் வயதாகிறது. ஒரே வளைவில் ஆண்டுக்கணக்கில் மடிந்து நின்ற பெல்ட் பார்க்க நன்றாகவே இருக்கும், வெடிப்பு தெரியாது, ஆனாலும் மாற்றுங்கள். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும், அப்போது மெக்கானிக் சொன்னபடியே இன்ஜினைத் திறக்க வேண்டிவரும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் கூடவே மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பை அந்த பெல்ட் சுற்றுகிறது என்றால் அதையும்.

உதிரிபாகம் வாங்கித் தருகிறவரைப் பற்றி. ஒரு வாஷர் கேட்டால் முழு அசெம்ப்ளியைத்தான் விற்போம் என்கிற தயாரிப்பாளர்களின் போக்குதான் இந்த இடைத்தரகர்களை வளர்க்கிறது. ஓடுகிற வண்டிக்கு ஒரு ரப்பர் கிடைக்காமல் செய்வது அநியாயம். ஆனால் வழி இருக்கிறது. பல பேரிங்குகள் எல்லா வண்டிக்கும் பொதுவான அளவுகளில் வருபவை. பழைய பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள்: 6203 என்று இருந்தால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலிலும் பெரும்பாலும் இதே போல மூன்று அளவுகள் பதிந்திருக்கும். எண்ணோடு போனால் நடுவில் ஆள் தேவையில்லை. அவர் தரும் இன்ஜினோ எத்தனை ஓடியது, ஏன் கழற்றினார்கள் என்று தெரியாத சரக்கு. பதிவு ஆவணத்தில் இன்ஜின் எண் இருக்கும் இடங்களில் அதை மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். ஒரு எண்ணைத் திருத்த இத்தனை இழுத்தடிப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பெயின்ட் கடைசி வேலை. கடினமாக்கி கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டில் பொதுவாக ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, நிரந்தர ஆஸ்துமா வரலாம். வீட்டில் அடிக்காதீர்கள். பட்டறைக்குக் கொடுங்கள், ஆனால் துரு சுரண்டியதும் பட்டி வைப்பதற்கு முன்பே கூப்பிடச் சொல்லி, வெறும் தகட்டை நேரில் பார்த்துவிடுங்கள்.