கேள்வி – பதில்: காராமணியில் பரிணாமம்

பள்ளியில் பரிணாமப் பாடம் நடத்துவது, படிப்பது பற்றிச் சென்னை வாசகர்கள் கேட்டவை இங்கே.

பத்தாம் வகுப்பில் இயற்கைத் தேர்வு நடத்துகிறேன். பிள்ளைகள் டார்வின் பெயரைச் சரியாக எழுதிவிட்டு, 'கழுத்தை நீட்டி நீட்டி இலை தின்றதால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது' என்று முடிக்கிறார்கள். ஆய்வக வசதி இல்லாமல் இதை எப்படிச் செய்துகாட்டுவது?
– அறிவியல் ஆசிரியை, தாம்பரம்

மளிகைக் கடையில் வெள்ளைக் காராமணி கால் கிலோ, சிவப்புக் காராமணி கால் கிலோ வாங்குங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்புக்குத் தாராளமாகப் போதும். குழுவுக்கு நான்கு பேர். பிரித்து விரித்த பழைய சணல் சாக்கு ஒன்று. பட்டாணியையும் உளுந்தையும் கலந்து வைத்துச் செய்யாதீர்கள். பெரிய விதை சுலபமாகக் கைக்குச் சிக்கும். நிறத்தால் தப்பியதா அளவால் தப்பியதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. காராமணியில் இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒரே அளவு. பொறுக்கும்போதே பொடி விதைகளை ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

நால்வரில் ஒருவர் விதையைத் தூவுவார். மற்ற மூவர் பறவைகள். வெள்ளை 20, சிவப்பு 20 எனச் சாக்கில் பரவலாகத் தூவ வேண்டும், அப்போது பறவைகள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். 'திரும்பு' என்றதும் ஒவ்வொருவரும் ஒரு கையால், ஒரு முறைக்கு ஒரே ஒரு விதையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடி முதுகைத் திருப்ப வேண்டும். ஆளுக்குப் பத்து எடுத்ததும் நிறுத்திவிடலாம். மிஞ்சுவது 10 விதை. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று 'பிள்ளைகள்' சேருங்கள்; மறுபடி 40 ஆகிவிடும். 7 சிவப்பும் 3 வெள்ளையும் மிஞ்சினால் அடுத்த தலைமுறையில் 28 சிவப்பு, 12 வெள்ளை. இப்படி மூன்று தலைமுறை; ஒவ்வொன்றிலும் நிற எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

சொதப்பும் இடங்கள் இரண்டு. சாக்கு மடிப்பில் விதைகள் உருண்டு கூடிவிடும். நான்கு மூலையிலும் செங்கல் வைத்து இழுத்துக் கட்டுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை, விடையை முன்பே யூகித்த பிள்ளை வேண்டுமென்றே வெள்ளையைத் தேடி எடுப்பது. நிறம் பற்றி வாயே திறக்காமல், 'சீக்கிரம் பத்து எடுக்காவிட்டால் பறவை பட்டினி' என்று மட்டும் சொல்லுங்கள்.

நான்காம் தலைமுறையில் சாக்கை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டியை விரியுங்கள். பாடமே இங்கேதான் இருக்கிறது. வெள்ளை விதை நான்கைந்தாவது மீந்த குழுவில் வெள்ளை மறுபடி ஏறும். முற்றிலும் தீர்ந்துபோன குழுவில் ஏறாது. 'இப்போது வெள்ளைதானே தேவை, ஏன் வரவில்லை?' என்று கேளுங்கள். அடுத்த கேள்வி: 'இத்தனை தலைமுறையில் ஏதாவது ஒரு விதை நிறம் மாறியதா?' ஒன்றுகூட மாறவில்லை. கூட்டத்தில் நிறங்களின் விகிதம்தான் மாறியது. வேறுபாடு முன்பே இருந்தது, சூழல் சலித்தது, மிஞ்சியது பெருகியது. இந்த வரிசை பிள்ளையின் மனதில் ஏறிவிட்டால் ஒட்டகச்சிவிங்கி தானாகச் சரியாகிவிடும். தலைமுறை தலைமுறையாகக் காது குத்தியும் குழந்தை துளையோடு பிறப்பதில்லை என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

(விதைகளை டப்பாவில் போட்டு, 'சுண்டலுக்கு அல்ல' என்று எழுதி ஒட்டிவைப்பது உத்தமம்.)

மரபியல் நகர்வையும் (தற்செயலால் மட்டுமே விகிதம் மாறுவது) இயற்கைத் தேர்வையும் மாணவர்கள் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டிலும் விகிதம் மாறத்தானே செய்கிறது?
– விலங்கியல் ஆசிரியர், பெரம்பூர்

அதே காராமணியைச் சாக்கில் தூவாமல் துணிப்பையில் போட்டுக் கண்ணை மூடி எடுக்கச் சொல்லுங்கள். 20 வெள்ளை, 20 சிவப்பில் பத்தை எடுத்து, அந்தப் பத்தையும் நான்கு மடங்காக்கி, மறுபடி பத்து. முதல் முறையே பத்துக் குழுக்களில் இரண்டு மூன்றில்தான் சரியாக ஐந்துக்கு ஐந்து வரும். மற்றவை ஆறு-நான்கு, ஏழு-மூன்று என்று சிதறும். எட்டுத் தலைமுறை ஓட்டிப் பத்துக் குழுவின் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். சில கோடுகள் ஏறும், சில இறங்கும், ஒன்றிரண்டு 0 அல்லது 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் முட்டும். சாக்கில் செய்த சோதனையின் கோடுகளோ ஏறக்குறைய எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

ஒரே ஒரு குழுவின் கோட்டைப் பார்த்தால் இரண்டில் எது நடந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது. அதனால் எல்லாக் குழுவின் எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் பாடத்தை முடிக்கவே கூடாது. நேரம் இருந்தால் பத்துக்குப் பதில் நான்கை மட்டும் எடுத்துப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். கோடுகள் இன்னும் தாறுமாறாக ஓடும். கூட்டம் சிறுத்தால் தற்செயலின் கை ஓங்கும்.

'ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்' என்கிறார்களே, அது பரிணாமம்தானா?
– பதினோராம் வகுப்பு மாணவி, சேத்துப்பட்டு

பரிணாமம்தான், ஆனால் கிருமி எதற்கும் பழகவில்லை. மருந்தையே காணாத கூட்டத்திலும் அதைத் தாங்கும் ஒன்றிரண்டு கிருமிகள் சடுதிமாற்றத்தால் (மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம்) ஏற்கெனவே இருக்கும். ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி 1952இல் இதை ஒரு வெல்வெட் துணியால் நிரூபித்தார்கள். தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களைத் துணியில் ஒற்றி, அதே அமைப்பில் மருந்துள்ள தட்டுகளில் பதித்தார்கள். தாங்கிய கூட்டம் எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் முளைத்தது. அப்படியானால் அந்தத் திறன் மருந்து படுவதற்கு முன்பே மூலத்தட்டில் அதே இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் சேத்துப்பட்டிலேயே 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இருக்கிறது. டிபிக்கு ஒரே மாத்திரை கொடுக்காமல் ஏன் பல மாத்திரைகள் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஐசோனியசிட் என்ற டிபி மருந்தைத் தாங்கும் கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தைத் தாங்குவது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரல் குழி ஒன்றில் பத்துக் கோடிக் கிருமி இருந்தால், முதல் மருந்தை மட்டும் கொடுக்கும்போது சுமார் நூறு தப்பிப் பெருகும். இரண்டையும் ஒருசேரத் தாங்குவது இந்த இரண்டு விகிதங்களின் பெருக்கல்: சுமார் கோடி கோடியில் ஒன்று. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தே போகின்றன.

ஹார்டி–வீன்பெர்க் கணக்கில் (ஒரு கூட்டத்தின் மரபணு வகைகள் சமநிலையில் உள்ளனவா என்று பார்ப்பது) எப்போதும் சமநிலை என்றே விடை வருகிறது. எங்கே தப்பு?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ராயபுரம்

க்யூ ஸ்கொயரிலிருந்து (கீழே வரும் கணக்கில் வெள்ளைச் செடிகளின் பங்கு) வர்க்கமூலம் எடுத்து க்யூவை (வெள்ளை அல்லீலின் விகிதம்) கண்டுபிடித்து, அதைத் திரும்ப வர்க்கமாக்கி ஒப்பிட்டிருப்பீர்கள். வர்க்கமூலம் எடுக்கும்போதே சமநிலை இருப்பதாக வைத்துக்கொண்டாயிற்று. பிறகு அதையே சோதித்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? மூன்று மரபணு வகையும் கண்ணுக்குத் தெரியும்போது அல்லீல்களை (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) நேரடியாக எண்ணுங்கள்.

அந்திமந்தாரையை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக 100 செடி: சிவப்பு 50, இளஞ்சிவப்பு 20, வெள்ளை 30. செடிக்கு இரண்டு வீதம் மொத்த அல்லீல் 200; இளஞ்சிவப்பில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. சிவப்பு அல்லீல் 50 × 2 + 20 = 120, அதாவது 0.6, வெள்ளை அல்லீல் 0.4. சமநிலையில் எதிர்பார்ப்பது (0.6 × 0.6, 2 × 0.6 × 0.4, 0.4 × 0.4 ஆகியவற்றின் நூறு மடங்கு) 36, 48, 16. கையில் இருப்பது 50, 20, 30. இளஞ்சிவப்பு பாதிகூட இல்லை! தன்மகரந்தச் சேர்க்கை நடந்திருக்கலாம். அல்லது சிவப்பு மிகுந்த பாத்தியையும் வெள்ளை மிகுந்த பாத்தியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருக்கலாம். 0.30க்கு வர்க்கமூலம் எடுத்திருந்தால் வெள்ளை அல்லீல் 0.55 என்று வந்து, இளஞ்சிவப்பு ஐம்பது இருக்க வேண்டும் என்று காட்டியிருக்கும். சமநிலை இல்லாத இடத்தில் அந்தக் குறுக்குவழி அல்லீல் விகிதத்தையே தப்பாகக் கொடுக்கும்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள். மகனுக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டுமா? 'குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது' என்று வேறு கேட்கிறான்.
– ஒரு தாய், வேளச்சேரி

சொல்லித்தாருங்கள். என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பில் நீக்கியிருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது வருகிறது. நீட் எழுதுவதானால் கட்டாயம் வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இதற்குத் தனிப் பாடம் உண்டு, அதை வாங்கிக் கொடுங்கள். குரங்குக் கேள்விக்கு: இன்றைய குரங்கு எதுவும் மனிதனாகவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஒரே மூதாதை இருந்தது. சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு கிளையாகப் பிரிந்தோம். சித்தப்பா மகன் அவனுக்குத் தாத்தா ஆக முடியாதல்லவா, அவ்வளவுதான்.

கிண்டி தேசியப் பூங்காவுக்கு மாணவர்களை அழைத்துப்போகிறோம். மானைக் காட்டிப் பரிணாமம் நடத்த வழி உண்டா?
– உயிரியல் ஆசிரியர், சைதாப்பேட்டை

வெளிமான்களைக் காட்டுங்கள். பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்; சுற்றிலும் சாலையும் சுவரும் கட்டடமும். கோடியக்கரையிலோ வல்லநாட்டிலோ உள்ள வெளிமான் நடந்துவந்து இங்கே கலக்க வழியில்லை. மரபணு ஓட்டம் நின்ற சிறு கூட்டத்துக்கு இதைவிட நேரான உதாரணம் நகருக்குள் கிடைக்காது.

கிளம்பும் முன் வகுப்பில் ஒரு கணக்குப் போடுங்கள். வெளிமானில் எல்லை பிடித்த ஒருசில ஆண்களே பெரும்பாலான பெண்களோடு சேரும். இனப்பெருக்கம் செய்யும் ஆண் 5, பெண் 45 என்று வைத்துக்கொள்வோம். ஆணையும் பெண்ணையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் பயனுறு எண்ணிக்கை: 4 × 5 × 45 ÷ 50 = 18. கண்ணுக்குத் தெரிவது ஐம்பது மான். மரபியல் நகர்வைப் பொறுத்தவரை அது 18 மான் கூட்டம்போல நடந்துகொள்ளும். இதே சூத்திரத்தில் ஆண் 25, பெண் 25 என்று போட்டால் 50 வரும். அந்த வித்தியாசத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பூங்காவில் முறுக்கிய கொம்புள்ள கரிய ஆண்களைத் தனியாகவும், கொம்பில்லாத பழுப்புப் பெண்களைத் தனியாகவும் எண்ணச் சொல்லுங்கள். இளம் ஆண்களும் பழுப்பாகத்தான் இருக்கும், அதனால் நிறத்தை நம்பாமல் கொம்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். கூடவே புள்ளிமான்களும் மேயும். அவற்றைக் கணக்கில் சேர்த்துவிட்டால் அத்தனையும் வீண்.