அயர்லாந்தோட கேலிக் ஃபுட்பால் ஆட்டக்காரர், கோச் மிக் ஓ'ட்வயர் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: கேலிக் ஃபுட்பால்னா நம்ம ஃபுட்பால் தானா?

இல்லங்க, இது அயர்லாந்து ஆட்டம். டீமுக்கு 15 பேர், பந்தை கையாலயும் புடிக்கலாம், ஆனா நாலு ஸ்டெப்புக்கு மேல சும்மா தூக்கிட்டு ஓட முடியாது, தரையில தட்டணும் இல்லன்னா கால்நுனியால தட்டி திரும்ப கைக்கே வாங்கணும். 2024 வரைக்கும் குறுக்குக்கம்பிக்கு மேல எங்கேர்ந்து அடிச்சாலும் 1 பாயிண்ட் தான், கீழ வலைக்குள்ள போனா கோல், 3 பாயிண்ட். இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

கே: ஆட்டக்காரரா எப்படி சார்?

கெர்ரி கவுன்ட்டில வாட்டர்வில் அவர் ஊரு (சார்லி சாப்ளின் குடும்பத்தோட லீவுக்கு வருவாரே, அதே ஊர் தான்). 1959, 62, 69, 70னு கெர்ரிக்காக ஆடி நாலு ஆல் அயர்லாந்து கப் (கவுன்ட்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, அந்த டீம்களுக்குள்ள நடக்குற நாட்டோட பெரிய கப்). ஆரம்பத்துல டிஃபென்ஸ், அப்புறம் ஃபார்வர்டு. நடுவுல போதும்னு ஒதுங்கிட்டு திரும்பி வந்து 69ல வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் அவார்டே வாங்கிட்டாரு.

கே: கோச்சா எத்தனை கப்? சம்பளம் கோடிக்கணக்குல இருக்குமே?

கோடியா! இது அமெச்சூர் ஆட்டம்ங்க, ஆடுறவங்களுக்கு சம்பளமே கிடையாது, இவரே ஊர்ல ஹோட்டல் நடத்திதான் பொழச்சாரு. 1975லேர்ந்து 89 வரைக்கும் கெர்ரிக்கு 8 கப். பசங்கள மூச்சு முட்ட ஓட விடுவாரு, அந்த ஸ்டாமினா தான் கடைசி கால் மணி நேரத்துல பேசும். 78 ஃபைனல்ல டப்ளினுக்கு 5 கோல் போட்டாங்க, டப்ளின் ஒண்ணு கூட போடல.

கே: 82ல என்னதான் ஆச்சு?

ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. அதுவரை தொடர்ச்சியா 4 கப், அஞ்சாவதும் ஜெயிச்சா அப்போ வரைக்கும் யாருமே செய்யாத சாதனை. ஆஃபலி கவுன்ட்டிகூட ஃபைனல், ஆட்டம் முடியப்போற நேரம், கெர்ரி 2 பாயிண்ட் முன்னாடி, அப்போ பார்த்து சப்ஸ்டிட்யூட்டா வந்த சீமஸ் டார்பி ஒரு பந்தை உயரத் தூக்கி வலைக்குள்ள அடிச்சான் பாருங்க. கோல்னா 3ல்ல, அவ்ளோதான், 1 பாயிண்ட்ல போச்சு. வேற ஆளா இருந்தா அதோட மூட்டை கட்டிருப்பாங்க, இவர் 84, 85, 86 மூணையும் தூக்கிட்டு வந்தாரு.

கே: கெர்ரில திறமைக்குப் பஞ்சமே இல்ல, யார் நின்னாலும் ஜெயிச்சிருக்கும்ல?

இத எல்லாரும் சொல்றதுதான். ஆனா கில்டேர் கவுன்ட்டிக்கு கோச்சா போனாரே? 1956க்கு அப்புறம் லென்ஸ்டர் கப்பையே (கிழக்கு அயர்லாந்து மாகாணத்தோட கப்) பாக்காத டீம், 98ல வாங்கிக் குடுத்தாரு, அந்த வருஷ ஆல் அயர்லாந்து ஃபைனல்ல கால்வேகிட்ட தோத்தாங்க, அது வேற. லீஷ் கவுன்ட்டியும் அதே லென்ஸ்டர் கப்புக்கு 1946லேர்ந்து காத்துக் கிடந்துச்சு, இவர் கோச்சா இருந்தப்போ 2003ல கிடைச்சுது. என்னைக் கேட்டா அந்த எட்டு கப்ப விட இந்த லீஷ் கப் தான் பெருசு, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

கே: இப்போ எங்க இருக்காரு?

2025 ஏப்ரல்ல தவறிட்டாருங்க, 88 வயசு. எழுபது தாண்டியும் விக்லோ கவுன்ட்டிக்கு கோச்சா நின்னவரு.