ரஷ்யப் பெயரின் நடுப்பகுதியை வெட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காக உலக அறிஞர்கள், சாதனையாளர்கள் பற்றிய பெயரடைவு ஒன்றைக் கணினியில் ஏற்றி வருகிறேன். ‘விளாதிமிர் கோமரோவ்’ என்ற ஒரே பதிவில் ‘தாவரவியலாளர்’ என்ற குறிப்பும் ‘விண்கல விபத்தில் இறந்தவர்’ என்ற குறிப்பும் சேர்ந்துவிட்டன. ‘அலெக்சாந்தர் போபோவ்’ வானொலி முன்னோடியாகவும் நீச்சல் வீரராகவும் இருக்கிறார். துறையைப் பார்த்துப் பிரித்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ரஷ்யரின் முழுப்பெயர் சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. தந்தை பெயர் மிகாயில் என்றால் மகன் மிகாய்லோவிச், மகள் மிகாய்லோவ்னா. நாம் தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்வதைப் போன்றதுதான் இது என்றாலும், அங்கே அது பேச்சிலும் முழுமையாக ஒலிக்கிறது. ஆசிரியரையோ மூத்தவரையோ மரியாதையாக விளிக்கும்போது சொந்தப் பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வரும்போது பெரும்பாலும் காணாமற்போவது இந்த நடுப்பகுதிதான். அலெக்சாந்தர், விளாதிமிர், செர்கேய் போன்ற சில பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வைக்கப்படும் நாட்டில், அதை இழந்த பெயர் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

உங்கள் கோமரோவையே எடுத்துக்கொள்வோம். விளாதிமிர் லியோந்தியேவிச் கோமரோவ் (1869–1945) தாவரவியலாளர். 1936 முதல் 1945 வரை சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். விளாதிமிர் மிகாய்லோவிச் கோமரோவ் (1927–1967) விண்வெளி வீரர். 1967 ஏப்ரல் 24 அன்று சோயுஸ்-1 கலம் தரையிறங்கியபோது வான்குடை சரியாக விரியாததால் உயிரிழந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகில், பின்லாந்து வளைகுடாக் கரையில் உள்ள கோமரோவோ என்னும் ஊருக்கு 1948-இல் அப்பெயர் சூட்டப்பட்டது தாவரவியலாளரின் நினைவாகத்தான். அப்போது விண்வெளி வீரருக்கு வயது 21. ஆகவே ஊர், தெரு, நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களைக் கையாளும்போது, பெயர் சூட்டிய ஆண்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கோமரோவின் பெயரால் அமைந்த நிறுவனம்’ என்று ரஷ்ய மொழியில் எழுதும்போது, வேற்றுமை உருபு ஏறி அவர் பெயர் ‘கோமரோவா’ ஆகிவிடும். பெண்ணின் குடும்பப் பெயரும் அதே வடிவம்தான். இல்லாத ஓர் அம்மையாரை அடைவில் சேர்த்துவிடாதீர்கள்.

போபோவ்கள் இருவர் அல்லர், குறைந்தது மூவர். வானொலி ஆய்வாளர் அலெக்சாந்தர் ஸ்தெபானவிச். பார்சிலோனா (1992), அட்லாண்டா (1996) ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் 50 மீட்டர், 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் தங்கம் வென்றவர், 1971-இல் பிறந்த அலெக்சாந்தர் விளாதிமிரோவிச். மூன்றாமவர் எழுத்தாளர் அலெக்சாந்தர் செரஃபிமோவிச் போபோவ் (1863–1949). இவரை நீங்கள் போபோவ் என்று தேடினால் கிடைக்காமல் போகலாம்; ஏனெனில் தம் தந்தைவழிப் பெயரையே புனைபெயராக்கி, ‘செரஃபிமோவிச்’ என்றே நூல்களில் நிலைத்துவிட்டார்.

வானொலிப் போபோவின் இறப்பு ஆண்டு சில நூல்களில் 1905 என்றும், சிலவற்றில் 1906 என்றும் இருக்கும். இரண்டும் சரியே. ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதன்படி அவர் மறைந்த நாள் 1905 டிசம்பர் 31, இன்றைய கணக்கில் அது 1906 ஜனவரி 13. இந்த வேறுபாட்டை அறியாதவர் ஒரே மனிதரை இரண்டு பதிவுகளாக உடைத்துவிடக்கூடும்.

தந்தைவழிப் பெயரும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. நிகழ்தகவில் ‘மார்க்கோவ் சங்கிலி’க்குப் பெயர் தந்த கணித அறிஞர் அந்திரேய் அந்திரேயெவிச் மார்க்கோவ் (1856–1922). இவருடைய மகனும் அந்திரேய் அந்திரேயெவிச் மார்க்கோவ் (1903–1979). அவரும் கணித அறிஞர். ‘மார்க்கோவ் வழிமுறை’ இவருடையது. பெயர் மூன்று பகுதிகளிலும் ஒன்று, துறையும் ஒன்று. இங்கே பிறந்த ஆண்டு ஒன்றே துணை. கனடாவின் மாண்ட்ரியல் பனிவளைகோல் அணிக்காக ஆடிய அந்திரேய் மார்க்கோவ் 1978-இல் பிறந்தவர். அவர் விக்தரவிச் என்பதால் தொல்லை இல்லை.

துறையை மட்டும் நம்பக்கூடாது என்று நான் சொல்வதற்கு எதிர்த்திசையிலும் காரணம் உண்டு. வேதியியல் பேராசிரியர் அலெக்சாந்தர் போரோதின் என்று ஒரு குறிப்பும், ‘இளவரசர் ஈகர்’ இசை நாடகத்தை இயற்றிய அலெக்சாந்தர் போரோதின் என்று ஒரு குறிப்பும் கிடைத்தால், மேலே கண்டவர்களைப் பார்த்த பழக்கத்தில் இருவர் என்று எண்ணத் தோன்றும். இருவரும் ஒருவரே: அலெக்சாந்தர் போர்ஃபிரியெவிச் (1833–1887). ஆய்வகமும் வகுப்பும் போக மிஞ்சிய நேரத்தில் இசையமைத்ததால், அந்த நாடகம் அவர் வாழ்நாளில் முடியவே இல்லை. மற்றவர்கள்தான் முடித்துக் கொடுத்தார்கள்.

எனவே பதிவை இவ்வாறு அமைத்துக்கொள்ளுங்கள்: ‘கோமரோவ், விளாதிமிர் மிகாய்லோவிச் (1927–1967), விண்வெளி வீரர்’. குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர் என்ற இந்த வரிசையே ரஷ்யக் கலைக்களஞ்சியங்களிலும் உள்ளது என்பதால், மூலத்தோடு ஒப்பிடுவதும் எளிது. தந்தைவழிப் பெயரின் முதலெழுத்து மட்டும் கிடைத்தால் அதையாவது எழுதுங்கள்; ‘வி. எல்.’, ‘வி. எம்.’ என்ற அளவிலேயே உங்கள் கோமரோவ்கள் இருவரும் பிரிந்துவிடுவார்கள். அழுத்தமில்லாத ‘ஒ’ ரஷ்ய உச்சரிப்பில் ‘அ’வைப் போல ஒலிப்பதால் கமரோவ், பப்போவ் என்று எழுதுவோரும் உண்டு; நீங்கள் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்றதன் கீழ் ‘காண்க’ என்று குறித்துவிடுங்கள். உறுதியாகாத குறிப்பு எதுவாயினும், யாருடைய பதிவிலும் இணைக்காமல் தனியே நிறுத்தி வையுங்கள். தவறாகச் சேர்ந்த பதிவை வரி வரியாகப் பிரிப்பது எவ்வளவு வேலை என்பதை இப்போது நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.